பூட்டில் குடியேறிய குளவி

“இந்தக் குளவியைக் கடவுள் எதுக்குத்தான் படைச்சாரு, அம்மா?”

கையில் சாவியோடு வந்து நின்றார் கோட்டைச்சாமி. முகம் கடுகடுவென்று இருந்தது.

லோசனி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் கோட்டைச்சாமியின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்த மலையடிவார ஆசிரமத்தில் குரு அவர்தான்.

“என்ன ஆச்சுங்கய்யா?”

“என் அறைப் பூட்டுல, சாவி போடுற ஓட்டைக்குள்ள மண்ணை வச்சுக் கூடு கட்டுது. சாவி நுழைய மாட்டேங்குது. பெட்டி உள்ள இருக்கு. சாயங்கால பஸ்ஸுக்கு நான் ஊருக்குக் கிளம்பணும்.”

“கிளம்புறீங்களா?”

“வேற என்ன செய்ய? புழு எதுக்கு, பாம்பு எதுக்கு, இந்த மலை எதுக்குன்னு வந்த நாளா கேக்குறேன். நீங்க சிரிக்கிறீங்க. இன்னைக்காவது பதில் கிடைச்சா இருக்கேன். இல்லேன்னா கடையைப் பாக்கப் போறேன்.”

திண்டுக்கல்லில் அவருடையது பூட்டுக்கடை. தலை நரைக்கும்வரை பூட்டுச் செய்தவர். வேலையில்லாத ஒரு பொருளை அவர் கை செய்ததே இல்லை.

“இங்க பூட்டுப் போட்ட அறை உங்களுது ஒண்ணுதான்,” என்றார் அம்மா. “பூட்டு எதுக்குங்கய்யா?”

“இதென்ன கேள்வி? பூட்டத்தான். நானே செஞ்சது. எந்தத் திருடன் வந்தாலும் அசையாது.”

“குளவி வேற மாதிரி நினைக்குது போல.”

கோட்டைச்சாமி சிரிக்கவில்லை.

அம்மா எழுந்துபோய் ஓர் ஆணியைக் கொண்டுவந்து நீட்டினார்.

“குத்தி எடுத்துடுங்க. அதுக்கு முன்னாடி அது எதுக்குன்னு மட்டும் பாத்துடுங்க. ஒண்ணுக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சா குத்துங்க.”

அவர் ஆணியோடு போய்த் தன் அறைக் கதவின் முன் உட்கார்ந்தார்.

குளவி வந்தது. இடுப்பு நூல் மாதிரி இருந்தது. வாயில் மிளகளவு ஈரமண். அதை ஓட்டையின் ஓரத்தில் வைத்து அழுத்தும்போது அதன் ரீங்காரம் மாறியது. மெல்லிய அரம் தேய்ப்பதுபோல ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த முறை ஒரு பச்சைப் புழுவோடு வந்தது. தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. வெளியே வந்தது. திரும்பிக்கொண்டு பின்புறமாக நுழைந்தது.

“அடேயப்பா,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

வெயில் சாய்ந்தது. மலை வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் தேய்ந்துபோனது.

அம்மா வந்து பார்த்தபோது கோட்டைச்சாமி அங்கேயே இருந்தார். கையில் இருந்த ஆணி முழுக்க மண்.

அம்மாவின் முகம் மாறியது.

“குத்திட்டீங்களா?”

“இல்லம்மா. துணி துவைக்கிற இடத்துலதான் அது மண்ணு எடுக்குது. அங்க காஞ்சுபோச்சு. அது பாவம், சுத்திச் சுத்திப் பாத்துட்டு வெறும் வாயோட வந்துச்சு. ஒரு செம்பு தண்ணி ஊத்தி, ஆணியால கிளறிவிட்டேன்.”

அம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“சரிங்கய்யா. குளவி எதுக்குன்னு தெரிஞ்சுதா?”

கோட்டைச்சாமி உதட்டில் விரலை வைத்தார்.

“பேசாதீங்கம்மா. வருது.”