துவைகல்லின் மேல் சனி

ஐஸ் ஆலையில் இரவு வேலை பார்க்கும் சொரிமுத்து அன்றைக்கு வானம் பார்க்க வரவில்லை. நோயில் கிடக்கும் மனைவி பேச்சித்தாயைப் பற்றி ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வந்திருந்தான்.

மற்ற நாட்களில் வேலைக்குப் போகிற வழியில் எஸ்தர் டீச்சர் வீட்டுக் கொல்லையில் கொஞ்ச நேரம் நிற்பான். துவைக்கிற கல்லின் மேல் டீச்சர் தன் சின்னத் தொலைநோக்கியை ஏற்றி வைத்திருப்பார். ஒரு முழம் இருக்கும் அந்தக் குழாய். அதில்தான் நிலாவின் பள்ளங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். வயதில் டீச்சர் அவனுக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் அந்தக் கொல்லைக்குள் அவன் செருப்போடு நுழைந்ததில்லை.

அப்போதுதான் இருட்டியிருந்தது. டீச்சர் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், விடிஞ்சதும் வேன் வருது. பேச்சித்தாயைச் சென்னைக்குக் கொண்டு போறேன்."

"அங்க வரச் சொல்லியிருக்காங்களா?"

"யாரும் சொல்லலை. இங்க போன இடத்துல எல்லாம் கையை விரிச்சுட்டாங்க. அங்க ஒரு டாக்டர் இருக்காராம்."

"உங்க வீட்டம்மா என்ன சொல்லுதாங்க?"

சொரிமுத்து குனிந்து காலைப் பார்த்தான். செருப்பைக் கழற்றாமல் வந்தது அப்போதுதான் தெரிந்தது. கழற்றி ஓரமாக வைத்தான்.

"எங்கயும் வேண்டாம்னு சொல்லுதா. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடு, அது போதுங்கா. அவளுக்கு என்ன தெரியும்? வலியில பேசுதா. நீங்க சொல்லுங்க டீச்சர். கொண்டு போகட்டுமா, வேண்டாமா?"

டீச்சர் துணிகளைத் திண்டில் வைத்தார்.

"கல்லுப் பக்கம் வாங்க."

"நான் கேட்டது..."

"காதுல விழுந்துச்சு. வாங்க."

குழாய் பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னது டீச்சர்?"

"சனி."

"நல்லாருக்கு! ஏற்கனவே என்னைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டுத்தான கெடக்கு. அதைக் கொல்லையில வச்சு வேற பாக்கணுமாக்கும்?"

"பிடிச்சவர் மூஞ்சியை ஒரு தடவையாவது பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

இதுவரை அவனுக்குத் தராத ஒரு லென்ஸை எடுத்து மாட்டினார் டீச்சர். "இது ரொம்பக் கிட்டக் கொண்டு வரும்."

சொரிமுத்து கண்ணை வைத்தான். மஞ்சளாக ஒரு குண்டுமணி. அதைச் சுற்றி ஒரு வளையம். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கையில் கொடுத்த பேச்சித்தாயின் கம்மல் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

"ஐயோ, போவுது டீச்சர்!"

சனி ஓரத்தை நோக்கி நழுவிக்கொண்டிருந்தது. அவன் குழாயைப் பிடித்து அது போகிற பக்கமே தள்ளினான். அது ஒரே தாவலில் காணாமல் போனது. இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். ஏதோ ஒரு நட்சத்திரம் வந்தது. தென்னங்கீற்று வந்தது. அப்புறம் வெறும் இருட்டு.

"தலைகீழாக் காட்டுற குழாய் அண்ணாச்சி. நீங்க துரத்துற பக்கம் அது இருக்காது."

டீச்சர் மறுபடி தேடிக் கொடுத்தார். இந்த முறை சொரிமுத்து குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் கை நடுங்க நடுங்க, சனி காற்றில் அகப்பட்ட விளக்காகத் துடித்தது. துடித்தபடியே போய்விட்டது.

"சனியன், நிக்கவே மாட்டேங்குதே! ஏன் டீச்சர் இந்த ஓட்டம் ஓடுது?"

"பூமி சுத்துதுல்லா. நாம நிக்கிற இடமே நகந்துக்கிட்டு இருக்கு."

"பழைய லென்ஸ்ல இப்படி ஓடலையே."

"அப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கிட்ட வந்ததும் தெரியுது."

"நிறுத்த வழியே இல்லையா?"

"இந்தக் குழாய்ல இல்லை."

டீச்சர் குனிந்து பார்த்து, குழாயை ஒரு விரலால் லேசாக நகர்த்திவிட்டு விலகினார்.

"இப்பப் பாருங்க. கையைப் பின்னால கட்டிக்கிடுங்க."

கையைக் கட்டிக்கொண்டு குனிந்தான். "ஒண்ணுமே இல்லையே டீச்சர்."

"அது வர்ற வழியில வச்சிருக்கேன். வரும்."

இருட்டு. பிறகு ஓரத்தில் மெல்லிய வெளிச்சம். வளையத்தின் ஒரு முனை உள்ளே வந்தது. பின்னாலேயே சனி வந்தது. துடிக்கவில்லை. வளையத்துக்கும் குண்டுமணிக்கும் நடுவே இருந்த கறுப்பு இடைவெளிகூட அவனுக்குத் தெரிந்தது. அது நடுவுக்கு வந்தது. நடுவிலும் நிற்கவில்லை. அவன் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்தன. பாதி போனது. வளையத்தின் கடைசி முனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அதுவும் போனது.

அதற்குப் பிறகும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

"போயிருச்சு," என்றான்.

"முதல் ரெண்டு தடவை எப்படி இருந்துச்சு?"

"எங்க பாத்தேன்? துரத்திக்கிட்டுல்லா இருந்தேன்."

பகலெல்லாம் ஆஸ்பத்திரி வரிசை, ராத்திரியெல்லாம் ஐஸ் பாளங்கள் என்று ஓடிய மாதங்கள் அவனுக்குள் ஒவ்வொன்றாக வந்து போயின. பேச்சித்தாயின் முகத்தை நினைத்துப் பார்த்தான். பழைய முகம்தான் வந்தது. இப்போதைய முகம் வரவில்லை.

டீச்சர் குழாய்க்கு மூடி போட்டார்.

"போவும்னு தெரிஞ்சே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது பெரிய கொடுமை டீச்சர்."

"ஆமா அண்ணாச்சி."

தூரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. அவன் அசையவில்லை.

"கையை எடுத்துட்டா, அவளை விட்டுட்டேன்னு ஆயிராதா?"

டீச்சர் அவன் செருப்புகளை எடுத்து வந்து அவன் காலடியில், அவன் வீட்டுப் பக்கம் பார்க்க வைத்தார்.

"கையைத்தான எடுத்தீங்க. கண்ணை எடுக்கலையே."