ஷெரீப் அமோஸ் திரும்பாமல் சுட்ட கதை

அந்தக் காலத்தில், அமெரிக்காவின் மேற்குப் புல்வெளியில் விலங்குகள் பேசிக்கொண்டும், பேச்சு முற்றினால் சுட்டுக்கொண்டும் இருந்தபோது, ஒரு சிற்றூரின் காவலுக்கு அமோஸ் என்னும் ஸ்கங்க் ஷெரீப்பாக இருந்தார். பூனை அளவுக் கருப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. அன்று அவரிடம் எந்த நாற்றமும் கிடையாது. இருந்ததெல்லாம் சந்தேகம்தான். ஒருவனைப் பிடித்தால் பிடித்தது சரியா என்று யோசிப்பார். விட்டால் விட்டது சரியா என்று யோசிப்பார்.

வான்கோழி மார்த்தாவின் முட்டையைத் திருடிய ஓநாய் ரூஃபஸை மடக்கியபோதும் அப்படித்தான். முட்டை கைக்கு வந்தது. யோசித்த நேரத்தில் ஓநாய் ஓடிவிட்டது. ஊர் ஊராகச் சுற்றும் நீதிபதி வரும்வரை சாட்சிப் பொருளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அமோஸ் முட்டையை ஒரு தோல்பையில் போட்டு, யார் கையும் எட்டாத இடமாகத் தன் வாலுக்கு அடியில் கட்டிக்கொண்டார். கோடை போயிற்று. நீதிபதி வரவில்லை.

ரூஃபஸ்தான் வந்தான்.

"யோவ் ஷெரீப்! நீயா நானா, இன்றைக்குப் பார்த்துவிடலாம். நான் ஜெயித்தால் இந்த ஊர் முட்டையெல்லாம் எனக்கு."

"நீதிபதி வரட்டுமே," என்றார் அமோஸ்.

"அவர் வருவதற்குள் அந்த முட்டைக்குப் பேரன் பிறந்துவிடுவான்!"

தெருவே சிரித்தது. மார்த்தா மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, நான் இப்போதும் மிச்ச முட்டைகளை அடைகாத்துக்கொண்டுதான் இருக்கிறேன்," என்றாள் மெல்ல.

அமோஸ் துப்பாக்கியை எடுத்தார்.

வழக்கப்படி இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். பத்து அடி எடுத்துவைத்து, திரும்பிச் சுட வேண்டும். ஒவ்வோர் அடியையும் அமோஸ் தரையில் ஓங்கி மிதித்து எண்ணினார். பாதியில் சந்தேகம் வந்துவிட்டது. இது ஆறா, ஏழா? முன்னதாகத் திரும்பினால் குற்றம். ஷெரீப்பே குற்றம் செய்யலாமா? நின்ற இடத்திலேயே மறுபடி மிதித்து எண்ணத் தொடங்கினார்.

ரூஃபஸுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. எப்போதோ திரும்பி, குறிபார்த்துக்கொண்டே நெருங்கி வந்தான்.

"ஐயா, பின்னால்!" என்று அலறினாள் மார்த்தா.

பயத்தில் அமோஸின் வால் விருட்டென்று மேலே எழுந்தது. பையின் கயிறு இறுகியது. கோடை முழுவதும் நீதிக்காகக் காத்திருந்த முட்டை வெடித்தது.

ரூஃபஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டு, மூக்கை மண்ணில் தேய்த்தபடியே ஊர் எல்லையைத் தாண்டினான். ஊர் கைதட்டியது, கொஞ்சம் தள்ளி நின்று.

"என் குஞ்சுகளைக் காப்பாற்றினீர்கள், ஐயா! கிட்டே மட்டும் வராதீர்கள்," என்றாள் மார்த்தா, சிறகால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஆற்றில் எத்தனை முறை குளித்தும் நாற்றம் போகவில்லை.

அன்று முதல்தான் ஸ்கங்க், எதிரியைக் கண்டால் தரையை மிதித்து, முதுகைக் காட்டி, வாலைத் தூக்கி நாற்றத்தைப் பீய்ச்சுகிறது. கரடிகூட ஒதுங்கி வழிவிடுகிறது. அது மரியாதைக்காகவா, மூக்குக்காகவா என்று இன்னமும் யோசித்தபடியே ஸ்கங்க் தனியாக நடந்துபோகிறது.