முக்காக்கிணற்றார் பஸ்ஸுக்கு மனுப் போட்ட கதை

முக்காக்கிணறு என்று ஒரு ஊர். கிணறு தோண்டும்போது முக்கால் ஆழம் போனதும், "இவ்வளவு முடிஞ்சாச்சு, மிச்சம் தானா முடிஞ்சிரும்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறியவர்களின் வாரிசுகள் வாழும் ஊர். அங்கே இன்னும் தண்ணீர் வரவில்லை. புத்தியும்தான்.

அந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளர் முப்பிடாதிக்கு முப்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. செண்பகக்கனி என்ற பெண்ணைப் போய்ப் பார்த்தான், பிடித்துவிட்டது. அவளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. அன்றைக்கு அவன் வாயைத் திறக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. எல்லாம் கூடிவந்த நேரத்தில் பெண்ணின் அப்பா சண்முகையா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பஸ் வராத ஊருக்குப் பொண்ணைக் குடுத்துட்டு, பேரப்பிள்ளையைப் பாக்க நான் நடந்தா வருவேன்? பஸ்ஸை வரச் சொல்லு. முதல் பஸ்ஸுலயே வந்து தட்டு மாத்துதேன்."

பஸ் கேட்டு அரசுக்கு மனுப் போட வேண்டும். கணினி வழியாக அனுப்ப வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. ஒரு மாதம் அவகாசம் இருந்தும் இவர்கள் வெள்ளிக்கிழமை காலையில்தான் உட்கார்ந்தார்கள். நாள் குறித்துக் கொடுத்திருக்கும்போது முந்தியே அனுப்புவது மரியாதை இல்லை என்று சங்கத் தலைவர் கொம்பையா சொல்லியிருந்தார். ஆளுக்கொரு செல்போன் வைத்திருக்கிறார்களே, அதில் அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். 'கணினி வழியாக' என்று போட்டிருந்தது. அதோடு பேச்சு முடிந்தது.

சங்கத்து லேப்டாப்பைத் திறந்து முப்பிடாதி வைஃபையைப் போட்டான். இரண்டே நிமிடத்தில் திரை முழுக்க நீலமாகி, ஓர் அழுமூஞ்சி தோன்றி, லேப்டாப் அணைந்து தானாக மறுபடி எழுந்தது. மறுபடி வைஃபை போட்டான். மறுபடி நீலம்.

"உடம்பெல்லாம் நீலம் பாஞ்சுட்டே அண்ணாச்சி" என்றார் பொருளாளர் பூல்பாண்டி. "இது விஷக்கடிதான்."

"எங்க கடிச்சிருக்குன்னு பாரும்வே" என்றார் கொம்பையா.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அடியில் இரண்டு திருகாணிக் குழிகள் இருந்தன. "ரெண்டு பல்லும் பதிஞ்சிருக்கு!" என்று பூல்பாண்டி அலறினார். விஷம் மேலே ஏறாமல் இருக்க லேப்டாப்பின் நடுவில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். கட்டிய பிறகு அதைத் திறக்க முடியவில்லை. அரை மணி நேரம் யோசித்துக் கயிற்றை அவிழ்த்தார்கள்.

பதினோரு மைல் தள்ளி டவுனில் லேப்டாப் பழுது பார்க்கும் ஆண்ட்ரூஸ் இருக்கிறார். பொறுமைசாலி. முப்பிடாதி அவருக்குப் போன் போட்டான்.

"வைஃபையை இயக்குத டிரைவர் கெட்டுப் போயிருக்கு தம்பி. அது ஒரு சாஃப்ட்வேர், ஆளுன்னு நினைச்சுத் தேடாதீங்க. வைஃபை பக்கம் போனாத்தான் விழும், போகாட்டி ஒழுங்கா ஓடும்" என்றார் அவர். புதுசு போட வேண்டும் என்று சொல்வதற்குள் இவன் போனை வைத்துவிட்டான். வியாதி தெரிந்துவிட்டது, மருந்து எதற்கு?

மூவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, வைஃபை எட்டாத கண்மாய்க்கு நடந்தார்கள். காய்ந்த கண்மாயின் நடுவில் லேப்டாப் அருமையாக ஓடியது. நீலம் பாயுமுன் இறங்கியிருந்த மனுப் படிவத்தில் ஊர்ப் பெயர், மக்கள் தொகை, எல்லாம் நிரப்பி முப்பிடாதி 'அனுப்பு' என்பதைத் தட்டினான். 'இணைய இணைப்பு இல்லை' என்றது.

"வைஃபை இருந்தா விழுது. இல்லாட்டி போவமாட்டேங்குது" என்றார் கொம்பையா ஆழமாக. "அப்ப ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கணும்லா?"

இதைக் கேட்டு முப்பிடாதிக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு தலைவர் கிடைக்க ஊர் என்ன புண்ணியம் செய்ததோ என்று நினைத்தான். என்ன பாவம் செய்தது என்பதுதான் சரியான கேள்வி.

லேப்டாப்பைப் பூல்பாண்டி தலையில் வைத்து, ஓர் அடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டபடி ஊரைப் பார்த்து நகர்ந்தார்கள். சங்கத்துக்கு நாற்பது அடி முன்னால் வைஃபை பிடித்தது. உடனே நீலம் பாய்ந்தது. ஓர் அடி பின்னால் வந்தார்கள், இணைப்பு இல்லை.

"ஒரு காலை இங்கயும் ஒரு காலை அங்கயும் வையும்வே."

"வச்சுட்டேன் அண்ணாச்சி."

"இப்ப தலையைச் சரிபாதியா நிறுத்தும்."

பூல்பாண்டி தலையை நிறுத்தப் போய்த் தானே சரிந்தார். லேப்டாப்பை முப்பிடாதி பாய்ந்து பிடித்தான். பூல்பாண்டியை யாரும் பிடிக்கவில்லை.

மணி ஒன்று ஆகிவிட்டது. ஐந்து மணிக்கு மேல் போனால் செண்பகக்கனி இல்லை என்ற எண்ணம் வந்ததும், முப்பிடாதி வெட்கத்தை விட்டு ஆண்ட்ரூஸுக்கு மறுபடி போன் போட்டு அழுதான். அவர் பெருமூச்சு விட்டு, புது டிரைவரைப் பென்டிரைவில் போட்டுத் தருவதாகச் சொன்னார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான்.

"வழியில யார் கையிலயும் குடுத்துராத" என்று சொல்லித்தான் ஆண்ட்ரூஸ் கொடுத்தார். முப்பிடாதி யோசித்தான். தன் கையும் ஒரு கைதானே? பென்டிரைவைப் பல்லில் கடித்துக்கொண்டு பதினோரு மைல் வந்தான். வழியில் இரண்டு பேர் சௌக்கியம் விசாரித்தார்கள். இவன் உறுமியதைக் கேட்டு ஒதுங்கிப் போனார்கள்.

நாலரை மணிக்கு, ஆண்ட்ரூஸ் போனிலேயே ஒவ்வொரு படியாகச் சொல்ல, பழைய டிரைவரை நீக்கிப் புதியதைப் போட்டார்கள். வைஃபை வந்தது. நீலம் வரவில்லை. நாலு ஐம்பதுக்கு மனு போனது, பதிவு எண்ணும் வந்தது. முப்பிடாதி துள்ளிக் குதித்தான். அங்கேயே எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் நாமும் நிம்மதியாகப் போயிருக்கலாம். ஆனால் திரையின் மேலே ஒரு வரி நின்றிருந்தது: 'இந்தப் பக்கத்தை மூட வேண்டாம்.'

"எம்புட்டு நேரத்துக்கு?" என்றார் பூல்பாண்டி.

"போடலையே" என்றார் கொம்பையா. "அப்ப மூடவே கூடாது."

சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. ஒருவர் தூங்கினாலும் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று ஊரே லேப்டாப்பைச் சுற்றிக் காவல் உட்கார்ந்தது. கை பட்டுக்கொண்டே இருக்காவிட்டால் திரை இருண்டுவிடும் என்பதால், மவுஸை ஆட்டும் பொறுப்பு முப்பிடாதிக்கு. கல்யாணம் அவனுக்குத்தானே?

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. ஒரு வாரம் பஸ் ஓட்டிப் பார்ப்பார்கள், ஆள் ஏறினால் நிரந்தரம். முதல் நாள் காலை எட்டு மணிக்கு பஸ் வந்து ஹாரன் அடித்தது. சொன்னபடி தாம்பாளத் தட்டோடு சண்முகையா இறங்கினார். வரவேற்க ஒரு ஈ காக்கை இல்லை. விசாரிக்கவும் ஆளில்லாமல் தேடித் தேடிச் சங்கத்துக்கு வந்தார். ஊரே கண்கொட்டாமல் ஒரு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே, எந்திரியும். தட்டு மாத்துவோம்" என்றார்.

"முடியாது மாமா" என்றான் முப்பிடாதி, மவுஸை ஆட்டியபடி. "நான் எந்திரிச்சா பஸ் வராது."

"நான் பஸ்ஸுலதாம்லே வந்தேன்!"

"இந்தப் பக்கம் திறந்திருக்கதாலதான் வந்திருக்கிய மாமா."

சண்முகையா ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறிப் போனார். அந்த வாரம் முழுக்க முக்காக்கிணற்றில் பஸ் ஏறிய ஒரே ஆள் அவர்தான். எட்டாம் நாள் பஸ் நின்றுபோனது.

முப்பிடாதி அழுத அழுகையில் ஊரே கலங்கியது. வேறு வழியில்லை, புதிதாக மனுப் போட வேண்டும். புது மனுப் போட இந்தப் பக்கத்தை மூட வேண்டும். மூடக் கூடாது என்று அரசாங்கமே எழுதியிருக்கிறது. மூன்று நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முப்பிடாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆண்ட்ரூஸுக்குப் போன் போட்டான்.

"சார், அந்தப் பழைய கெட்டுப்போன டிரைவரைத் திருப்பிப் போட்டுத் தாங்க. நாங்க மூடினாத்தான் குத்தம். அதுவா நீலம் பாஞ்சு விழுந்தா எங்க மேல பழியில்ல பாருங்க."