ஓணான் தலையசைத்த கூடு

அன்று குளக்கரையில் நான்கு உயிர்கள் இருந்தன. ஈச்சமரத்தில் பொன்முடி என்னும் தூக்கணாங்குருவி; எதிரே பட்டுப்போன மரக்கட்டையின் மீது செங்கழுத்தன் என்னும் ஓணான்; நீரில் கழுத்தளவு அமிழ்ந்து கரியாள் என்னும் எருமை; கூடு பார்க்க வந்த மென்சிறை என்னும் பெண்குருவி.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுக் காத்திருக்கும். பெண்குருவி வந்து கூட்டின் நாரை இழுத்துப் பார்க்கும். மனம் ஒப்பினால் அங்கே குடித்தனம். ஒப்பாவிட்டால் உழைப்பெல்லாம் வீண். மழையோ நெருங்கிவிட்டது. மற்ற கிளைகளில் குஞ்சுக்குரல்கூடக் கேட்கத் தொடங்கிவிட்டது. பொன்முடிக்கு இன்னும் துணை அமையவில்லை.

மென்சிறை கூட்டின் காம்பை ஒருமுறை இழுத்தது. கூடு அறுந்து, கீழே கரியாளின் கொம்பில் போய் மாட்டிக்கொண்டது! மென்சிறை பறந்துவிட்டது.

“எனக்கு மகுடம் சூட்டச் சொல்லி யாரய்யா கேட்டது?” என்றது கரியாள்.

பொன்முடி ஓணானிடம் பாய்ந்தது. “அண்ணா! ஒவ்வொரு முடிச்சுக்கும் உங்களைக் கேட்டேனே! நன்று என்றீர்களே!”

“நானா? எப்போது சொன்னேன்?”

“தலையசைத்தீர்களே!”

“வெயில் ஏறினால் அசைப்பேன். ஈயைக் கண்டாலும் அசைப்பேன். என் கழுத்தின் இயல்பு அது, தம்பி!”

கரியாள் சிரித்த சிரிப்பில் குளமே அலைந்தது.

பொன்முடி வெட்கத்தால் குன்றிப்போனது. ‘எனக்குப் பின்னவே வராதோ?’ என்று ஒரு கணம் கலங்கியது. அடுத்த கணம் வேறொரு கேள்வி அதன் மனத்தைக் குடைந்தது. ‘அறுந்தது எந்த முடிச்சு? ஏன் அறுந்தது?’

“அக்கா, சற்றுத் தலையை ஆட்டாமல் இருங்கள்!” என்று வேண்டிக்கொண்டு, கொம்பில் அமர்ந்து கூட்டைப் பிரிக்கத் தொடங்கியது.

“காதில் கூச்சம் காட்டாதே, சீக்கிரம் ஆகட்டும்!” என்றது கரியாள்.

பிரிக்கப் பிரிக்கப் பொன்முடிக்கு வியப்பு. கட்டையைப் பார்த்த பக்கத்தில் எல்லா முடிச்சுகளும் தொளதொளத்திருந்தன. மறுபக்கத்து முடிச்சுகளோ அலகால் நெம்பியும் அவிழவில்லை. இரண்டையும் பின்னியது ஒரே அலகுதான்! ஓணானைப் பார்க்க முடியாத பக்கத்தில், பொன்முடி நாரைப் பார்த்துப் பின்னியிருந்தது. பார்க்க முடிந்த பக்கத்தில், ஓணானைப் பார்த்துப் பின்னியிருந்தது.

பொன்முடி பச்சை ஓலையைக் கிழித்துப் புதிய நார் எடுத்தது. ஒரு முடிச்சிட்டது, அதில் தானே தொங்கிப் பார்த்தது. முடிச்சு நழுவியது; அவிழ்த்து மீண்டும் இட்டது. காற்றடித்த நாளிலும் தொங்கிப் பார்த்தது. பாதிக் கூடு எழுந்தது.

வேறு கூடுகள் எதிலும் மனம் ஒப்பாமல், மென்சிறை திரும்பி வந்தது. காம்பை இழுத்தது. அசையவில்லை.

“வாயில் குறுகலாக இருக்கிறதே!” என்றது.

“சாரல் உள்ளே வரக் கூடாதென்று குறுக்கினேன். நுழைந்து பாருங்கள்.”

மென்சிறை நுழைந்து பார்த்தது. “சரிதான். ஆனால் முட்டைக்குழி ஆழம் போதாது. முட்டை உருண்டுவிடும்.”

பொன்முடி எட்டிப் பார்த்தது. “உண்மை! அதை நான் கவனிக்கவில்லை. இப்போதே ஆழமாக்குகிறேன்.”

“ஆக்கு. நான் இங்கேயே இருக்கிறேன்” என்று மென்சிறை கூட்டின் குறுக்கே பின்னிய நாரில் அமர்ந்துகொண்டது.

கட்டையிலிருந்து செங்கழுத்தன் செருமியது. “தம்பி! முன்பெல்லாம் முடிச்சுக்கு முடிச்சு அண்ணா, அண்ணா என்பாய். இப்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே?”

“முடிச்சையே கேட்டுவிட்டேன், அண்ணா!” என்றது பொன்முடி, நாரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செங்கழுத்தன் கட்டையிலிருந்து இறங்கிப் புதருக்குள் போய்விட்டது.

பிறர் தலையசைப்பில் பிறக்கும் நம்பிக்கை அவர் முகம் திரும்பியதும் உதிர்ந்துவிடும். தன் வேலையைத் தானே சோதித்துத் திருத்தியவருக்கே அது நிலைக்கும்.