மலைமுழுங்கி பள்ளிக்கூடம் விட்டு வெளியேறிய கதை

மருதவேள் என்ற அரசர் நல்லவர். ஆனால் யார் எதை நீட்டினாலும் படிக்காமல் முத்திரை வைப்பவர். அவருடைய அரண்மனைப் பள்ளிக்கூடத்துக்கு ஏகாம்பரநாதர் தலைமை ஆசிரியர். பிள்ளைகளுக்குக் கற்பிக்க அவருக்கு வராது. பிள்ளைகளே இல்லாத இடத்தில் அமைதி காக்க மட்டும் நன்றாக வரும்.

அவரது முறை எளிது. வகுப்பில் தொல்லை கொடுக்கும் பிள்ளையை வெளியே அனுப்புவார். பிறகு அந்தப் பிள்ளைக்குக் கதவு திறக்காது. முப்பத்திரண்டு பேரில் பதினோரு பேர் இப்படிப் போய்விட்டார்கள். "என் பள்ளியில் சத்தமே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பூட்டிய வீட்டிலும் சத்தம் இருக்காது என்று அவரிடம் எடுத்துச் சொல்ல யாருமில்லை.

பன்னிரண்டாவதாக வஞ்சியின் முறை வந்தது. அவள் யானைப்பாகன் வெம்பனின் ஒன்பது வயது மகள். துறுதுறுப்பு அதிகம். எண்சுவடி ஒப்பிக்கும் நேரத்தில், முன்னால் உட்கார்ந்திருந்தவனின் காதுக்குப் பின்னால் கால் கட்டைவிரலால் அழுத்தி, "நட, நட" என்று விரட்டியிருக்கிறாள். அப்பா யானையை ஓட்டுவது அப்படித்தான். வகுப்பே சிரித்துக் கலைந்தது. அவளை அன்றே வெளியே அனுப்பிய ஆசிரியர், மறுநாள் மாலை ஏட்டிலிருந்து அவள் பெயரையும் அடித்துவிடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

வெம்பன் அரசவை விகடகவி தத்தனிடம் ஓடினான். தத்தனுக்கு வாயும் நீளம், புத்தியும் நீளம்.

"தப்பு அவள்மேலதாங்க," என்றான் வெம்பன். "ஆனா இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டா, படிக்க அவளுக்கு வேற இடம் ஏதுங்க?"

தத்தன் ஆசிரியர் எழுதிய ஆணையை வாங்கிப் பார்த்தான். கீழே அரசரின் முத்திரை இருந்தது. 'அரசர் நடத்தும் பயிற்சிக் கூடங்களில் பயில்வோர் எவரேனும் பிறர் பயிற்சியைக் கெடுத்தால், அன்றே வெளியேற்றுக' என்று எழுதியிருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, யானைகளைப் பழக்கும் அரசரின் கொட்டாரத்தில் இப்போது யார் பயில்கிறார்கள் என்று வெம்பனிடம் விசாரித்தான்.

மலைமுழுங்கி பயின்றுகொண்டிருந்தது. போன மாதம் காட்டில் பிடித்த கொம்பன் யானை அது. மற்ற யானைகளின் தழையைப் பிடுங்கும். பாகர்கள்மேல் சேற்றை வீசும்.

மறுநாள் காலை ஆணைப்படி மலைமுழுங்கி வெளியேற்றப்பட்டது. ஊராருக்கு ஆபத்து வராதபடி, பழகிய கும்கி யானைகள் இரண்டுடன் வெம்பன் பின்னாலேயே போனான். கொட்டாரத்துக்கு அடுத்தது ஆசிரியரின் கரும்புத் தோட்டம். மலைமுழுங்கி அதை நிதானமாகத் தின்று முடித்தது. பிறகு முதுகு அரித்ததால் தோட்டத்து மதிலில் உரசியது. மதில் விழுந்தது.

ஏகாம்பரநாதர் தலைப்பாகை இல்லாமல் அவைக்கு ஓடிவந்தார். அரசர் கோபத்துடன், யானையை வெளியே விட்டது யார் என்று கேட்டார்.

தத்தன் ஆணையை நீட்டினான். "தங்கள் ஆணைதான், அரசே. கொட்டாரமும் தாங்கள் நடத்தும் பயிற்சிக் கூடம். மலைமுழுங்கி மற்றவர்களைப் படிக்கவிடவில்லை."

ஆசிரியருக்கு ஆத்திரம் பொங்கியது. "அது பிள்ளைகளுக்கு எழுதியது ஐயா! முரட்டு யானையை வெளியே விட்டால் ஊருக்குள்தானே வரும்? அதைப் பழக்கத்தானே கொட்டாரம்? பழகிய யானையை மட்டும் வைத்துக்கொள்ளப் பாகன் எதற்கு?"



"இதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றான் தத்தன். "ஆசிரியர் என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டார். இதே ஆணையைக் காட்டிப் பதினோரு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார், பன்னிரண்டாவது வெம்பனின் மகள் வஞ்சி."

அரசர் ஆணையை முதல்முறையாகப் படித்தார். அவர் முகம் சிவந்தது. அந்தப் பதினோரு பிள்ளைகளும் இப்போது எங்கே என்று ஆசிரியரைக் கேட்டார். ஆசிரியருக்குத் தெரியவில்லை. போன கரும்பு எத்தனை என்று மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது.

முரட்டு யானையை எப்படிப் பழக்குவாய் என்று அரசர் வெம்பனைக் கேட்டார். ஒரு பக்கம் ஒரு கும்கி, மறுபக்கம் ஒரு கும்கி, நடுவில் இதை நிறுத்துவோம், இழுக்க ஒரு மரமும் கொடுப்போம், வேலையிருந்தால் வம்புக்கு நேரமிருக்காது என்றான் வெம்பன். மற்ற யானைகளின் தழையும் பிழைக்கும் என்றும் சொன்னான்.

அரசர் ஆணையைக் கிழித்தார். நிதானமான இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே வஞ்சி உட்காரட்டும், எண்சுவடிக்குத் தாளம் தட்டும் வேலையும் அவளுக்கே என்றார். பதினோரு பேரையும் ஆசிரியரே வீடு வீடாகப் போய் அழைத்துவர வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மாதம், தினமும் காலையில் கொட்டாரத்தில் வெம்பனிடம் அவர் பாடம் கேட்க வேண்டும்.

"பாகனிடம் நான் பாடம் கேட்பதா!" என்று ஏகாம்பரநாதர் அவை அதிரக் கத்தினார்.

வெம்பன் பணிவாகக் கும்பிட்டான். "அரசே, ஒரு சந்தேகம். வாத்தியார் ஐயா அங்கே வந்தும் இப்படிச் சத்தம் போட்டா, அன்னைக்கே வெளியே அனுப்பிடவா? இல்லை, ரெண்டு கும்கிக்கு நடுவுல நிறுத்தட்டுமா?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நடுவிலேயே நிறுத்து," என்றார். "மறக்காமல் இழுக்க ஒரு மரமும் கொடு."