ஐந்தாம் வார்டு மருந்துத் தட்டு

செலின் மேரி பதினாறு வருடம் நர்ஸாக இருந்தவள். மாவட்ட மருத்துவமனையின் ஐந்தாம் வார்டில், அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று நோயாளிகள் சொல்வார்கள். நர்ஸிங் பள்ளியில் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ரூபவதிதான் இப்போது அங்கே நர்ஸிங் சூப்பிரண்டு. மற்றவர்களுக்கு மேடம். செலினுக்கு இன்னும் டீச்சர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு செலின் அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"டீச்சர், ஒன்பதாம் படுக்கை இறந்துட்டாரு."

"சுடலைமுத்துவா? கால் புண்ணுன்னு சேர்ந்தாரே?"

"ஆமா. டாக்டர் மாரடைப்புன்னு எழுதிட்டாரு."

செலின் சட்டைப் பையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குப்பி. பொட்டாசியம். குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய மருந்து. கலக்காமல் நேராக ரத்தத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

"ஆன்டிபயாட்டிக் போட்டு முடிச்சுட்டு கையில இருந்த ஊசிக் குழாயைக் கழுவ சலைன் எடுத்தேன். சலைன்னு நினைச்சுத்தான் எடுத்தேன் டீச்சர். பாதி போறப்பவே அவரு நெஞ்சைப் பிடிச்சுட்டாரு."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அவரு சம்சாரம் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க எவ்வளவோ பாத்தீங்க தாயி'ன்னு அழுவுது. நான் என்ன செய்யட்டும்?"

ரூபவதி காலிக் குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தார். செலின் பின்னால் போனாள்.

வார்டின் மூலையில் மருந்து மேசை. அதன்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. சலைன் குப்பிகளும் பொட்டாசியம் குப்பிகளும் அதில் கலந்து கிடந்தன. ரூபவதி காலிக் குப்பியை ஒரு சலைன் குப்பியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே அளவு. ஒரே நிறம். எழுத்துதான் வேறு. அதுவும் பொடி எழுத்து.

அப்போது தில்ஷாத் என்ற நர்ஸ் சிரிஞ்சும் கையுமாக வேகமாக வந்தாள். ரூபவதி தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து மூடினார்.

"மேடம், சலைன் எடுக்கணும். பதினாலாம் படுக்கைக்கு."

கை நகரவில்லை.

"மேடம்?"

ரூபவதி செலினைப் பார்த்தார். "ஏன் மூடியிருக்கேன்னு கேக்குறா. சொல்லு."

செலின் தலை குனிந்துகொண்டாள்.

"இந்த ஆஸ்பத்திரியில பதினெட்டு தட்டு இருக்கு செலின். எனக்கு ரெண்டு கைதான்."

செலின் சொன்னாள். தில்ஷாத் சிரிஞ்சை மேசைமேல் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு செலின் டாக்டரிடம் சொன்னாள். பிறகு, பிணவறை வாசலில் நின்றிருந்த சுடலைமுத்துவின் மனைவி வேலம்மாளிடம் சொன்னாள். வேலம்மாள் முழுக்கக் கேட்டாள். கத்தவில்லை. காலையில் செலினின் கையைப் பிடித்த தன் கைகளை ஒருமுறை பார்த்தாள். முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அன்றே போலீஸ் வந்தது. மறுநாள் செலினின் படம் பேப்பரில் வந்தது. அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். அவள் மகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பதினாறு வருடம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யாரும் போன் செய்யவில்லை.

அந்த வாரத்துக்குள் எல்லா வார்டுகளிலிருந்தும் பொட்டாசியத்தை எடுத்து மருந்தகத்தில் பூட்டினார்கள். இரண்டு பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு குப்பி வெளியே வரும்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் செலின் ரூபவதியைப் பார்க்க வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"சொல்லிட்டா மனசு லேசாகும்னு நெனச்சேன் டீச்சர். ஆகல."

"ஆகாது."

"டாக்டர் எழுதுனதோட விட்டிருந்தா என் பொண்ணாவது தப்பிச்சிருப்பா. செத்தவரு திரும்பி வரவா போறாரு? என்னை எதுக்கு அங்க கொண்டுபோய் நிறுத்துனீங்க?"

ரூபவதி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. பிரசவ வார்டு. கோமதின்னு ஒரு அம்மா. ரெண்டு நாள் குழந்தை பக்கத்துல கிடந்துச்சு. நான்தான் மருந்தை மாத்திப் போட்டேன். அந்த அம்மா போயிட்டா. அன்னிக்கும் டாக்டர் வேற என்னவோ எழுதிட்டாரு."

செலின் நிமிர்ந்து பார்த்தாள். "யார்கிட்ட சொன்னீங்க?"

"உன்கிட்ட. இப்பத்தான்."

வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை ரூபவதி காத்திருந்தார்.

"நாலு மாசத்துல அதே வார்டுல இன்னொரு சாவு. அதே மருந்து. போட்டது சகுந்தலா. என்கூடப் படிச்சவ. அவ ஓடிப்போய் ஒத்துக்கிட்டா."

"அவங்களை என்ன செஞ்சாங்க?"

"வேலையை விட்டு எடுத்தாங்க. விசாரணையில, அவ கவனமில்லாதவன்னு கூட வேலை பார்த்தவங்க எல்லாரும் எழுதிக் கொடுத்தாங்க."

செலின் மெல்லக் கேட்டாள். "நீங்க?"

"நானும் எழுதிக் கொடுத்தேன்."