பதிவும் வருகையும்

ஒரு கரும்பலகையின் இடது மூலையில் பதிவு என்றும் வருகை என்றும் அண்ணன் தம்பி இருவர் குடியிருந்தார்கள். நத்தக்காட்டுவலசு அரசு உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக் கரும்பலகை அது. வகுப்பில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று சொல்வது பதிவின் வேலை. அவர்களில் இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்வது வருகையின் வேலை.

பதிவு ஆண்டு முழுக்க 23 தான். வருகை ஒரு நாள் 19, ஒரு நாள் 21. சந்தை நாளில் 17-க்கு இறங்கிவிடும்.

"ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாயே அண்ணா, சலிக்கவில்லையா?" என்று வருகை சீண்டும்.

"வராத பிள்ளைக்கும் ஒருவன் இடம் பிடித்து வைக்க வேண்டாமா?" என்று பதிவு கேட்கும்.

அந்த இருபத்துமூன்றில் யார் யார் என்பது பதிவுக்கு மனப்பாடம். விசைத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பதினொன்று. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஆறு. ஆடு வளர்க்கிறவர் வீட்டிலிருந்து நாலு. போஸ்ட்மேன் மகள் துளசிமணி, பேச்சுப் போட்டி என்றால் கோப்பை அவளுக்குத்தான். கடைசியாக மமிதா. நூல் மில் வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. எண்களை அச்சடித்தது போல எழுதுவாள் என்பதால், தினமும் காலையில் இந்த அண்ணன் தம்பியைப் பலகையில் எழுதுகிற பொறுப்பு அவளிடம் இருந்தது.

"பெரிய பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். என்னிடம் ஓர் ஊரே இருக்கிறது" என்று பதிவு பீற்றிக்கொள்ளும். பீற்றிக்கொள்ளட்டுமே, அதில் பொய்யில்லை.

அரையாண்டுத் தேர்வில் மமிதா தமிழில் 19 வாங்கினாள். தமிழ் தெரியாமல் இல்லை. ஆறு வருடமாகத் தறிக்காரப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழை அப்படியே தாளில் இறக்கிவிட்டாள். தோழிக்குக் கடிதம் எழுதச் சொன்ன இடத்தில், "ஏம்புள்ளே, நல்லா இருக்கறயா? உங்க வெள்ளாடு குட்டி போட்டிருச்சாமா?" என்று ஆரம்பித்திருந்தாள். வகுப்பாசிரியர் நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே படித்தார், சிவப்பு மையால் அடித்தார்.

பொங்கல் முடிந்த வாரம் தலைமையாசிரியர் அறையிலிருந்து தேர்ச்சி விகிதம் இறங்கி வந்தது. வருடத்துக்கு ஒருமுறை பள்ளி கேட்டில் ஃபிளெக்ஸாகத் தொங்குகிற ஆசாமி, அதனால் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல்.

"போன வருடம் ஒரே ஒருவனால் 96-ல் நின்றுவிட்டேன். இந்த வருடம் 100 ஆகியே தீருவேன். நீ ஒன்று குறைந்துகொள்" என்றது.

"யாரைக் குறைப்பது?" என்றது பதிவு.

"அந்தப் பத்தொன்பதை."

"பத்தொன்பது என்று இங்கே யாரும் இல்லை. மமிதா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள்."

அதே நேரம் அறைக்குள் தலைமையாசிரியை கோமளவல்லி நாச்சிமுத்துவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பரீட்சைக்குப் பேர்ப் பட்டியல் நாளைக்கு அனுப்போணும் சார். அந்தப் புள்ளைக்கு டி.சி. குடுத்துடலாங்க. தனியா எழுதிக்கட்டும். தேர்ச்சி கொறஞ்சா மீட்டிங்ல எந்திரிச்சு நிக்கச் சொல்லிக் கேக்கறது என்னையத்தானுங்களே."

"சரிங்க மேடம்" என்றார் நாச்சிமுத்து. மனசு சரி என்று சொல்லவில்லை.

வகுப்புக்கு வந்தவர், யாரிடமும் பேசாமல் 23-ல் இருந்த மூன்றை அழித்து இரண்டாக்கினார். பதிவுக்கு விலா எலும்பில் ஒன்றை உருவிய மாதிரி இருந்தது.

மமிதா எழுந்து நின்றாள். "சார், தப்பாப் போட்டுட்டீங்க. இருவத்திமூணுங் சார்."

"எண்ணிப் பாரு" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அன்று அதிசயமாக எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினாள். இருபத்திரண்டில் விரல் நின்றது. பிறகு அதே விரலைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னையும் சேத்தி இருவத்திமூணுங் சார்."

நாச்சிமுத்துவால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக அறைக்குப் போனார்.

"மேடம், அந்தப் புள்ள தன்னையும் சேத்தித்தான் எண்ணுதுங்க. நாமதான் வுட்டுட்டு எண்ணறோம்."

கோமளவல்லி பேர்ப் பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினார். "மீட்டிங்ல நான் நின்னுக்கறேன். பேரை எழுதுங்க" என்றார்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துளசிமணி மமிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசுகிற தமிழை எழுதுகிற தமிழாக மாற்றுவதுதான் இருவருக்கும் வேலை. அதைப் பார்த்து மற்றவர்களும் புத்தகத்தை எடுத்தார்கள். வருகை சந்தை நாளில்கூட 23-ஐ விட்டு இறங்கவில்லை. அண்ணனுக்குச் சமமாக நிற்கிற பெருமையில் அதற்குக் கால் தரையில் பாவவில்லை.

மே மாதம் முடிவு வந்தது. மமிதா தமிழில் 41 வாங்கி எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். துளசிமணிதான் கணக்கில் 31 வாங்கி நான்கு மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். கணக்குப் போட வேண்டிய மத்தியானங்களைத் தோழியின் தமிழுக்குக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான்.

தேர்ச்சி விகிதம் குதித்துக்கொண்டு வந்தது. "95.65! போன வருடத்தைவிடக் கீழே! ஒன்றைக் குறை என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா?"

"அவளைக் குறைத்திருந்தால் இருபத்திரண்டில் இருபத்தொன்று. போட்டுப் பார்" என்றது பதிவு.

அது போட்டுப் பார்த்தது. 95.45 வந்தது.

"நீ தள்ளிவிடச் சொன்ன பிள்ளைதான் உனக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறாள்."

"துளசிமணியையாவது குறைத்திருந்தால் நூறு வந்திருக்குமே" என்று அது முனகியது.

"அவள் இல்லாமல் மமிதாவுக்கு 41 எங்கிருந்து வந்திருக்கும்?"



மறுநாளும் கோடை விடுமுறைதான். ஆனாலும் துணைத்தேர்வுக்குப் படிக்க நாச்சிமுத்து வகுப்பைத் திறந்து வைத்தார். அழுது வீங்கிய கண்ணோடு துளசிமணி கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்னாலேயே மமிதா சாக்பீஸோடு பலகையருகில் நின்றிருந்தாள்.

"நீ எதுக்குப் புள்ளே வந்தே? நீதான் பாஸாயிட்டியே."

"நீ எனக்குச் சொல்லிக் குடுத்தீல்ல? கணக்கு நான் சொல்லித் தாரேன், உக்காரு."

பழக்கதோஷத்தில் மமிதா முதலில் இடது மூலைக்குப் போனாள். 'பதிவு 1' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்தாள். அதன் கீழே 'வருகை 2' என்று எழுதினாள்.

"அண்ணா, நான் உன்னைவிடப் பெரியவன் ஆகிவிட்டேன்!" என்று கூவியது வருகை.

பதிவுக்கு இத்தனை வருடத்தில் இப்படியொரு பெருமை வந்ததில்லை. "அந்த விகிதத்தைக் கூப்பிடு" என்றது. "இது எத்தனை சதவீதம் என்று போடச் சொல்."